ஆயிரத்து நூறு சி.சி.க்கு நடந்த அநியாயம்

சித்தூரில் எங்கள் சபையைச் சேர்ந்த யாரிடம் கேட்டாலும், அந்தச் சின்ன வண்டி ஜெபத்தால்தான் ஜெயித்தது என்பார்கள். ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகள்கூடச் சொல்லும். வண்டியை ஓட்டியவன் நான். அதன் இன்ஜினைக் கடைசி நட்டு வரை கழற்றி மாட்டியவனும் நான். அன்றைக்கு என்ன நடந்தது என்று என்னிடம் மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டதால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். நைனாவுக்கு மாட்டு வண்டி. கங்காதர நெல்லூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சித்தூர் ஜூஸ் ஃபாக்டரிகளுக்கு மாங்காய் ஏற்றி வருவார். அவர் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரலை வைக்கிறவர். நான் மிஷன் பள்ளியில் படித்து, திருப்பதியில் பாலிடெக்னிக் சேர்ந்து, மூன்று வருஷம் மெக்கானிகல் முடித்தேன். என் அத்தை மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். அவனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனவன். எந்த இன்ஜினையும் சத்தத்தை வைத்தே நோய் சொல்லுவான். எனக்கு அது வராது. நான் பேப்பரில் போட்டுப் பார்த்துத்தான் சொல்லுவேன். இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒத்துப்போகாதது ஒரே விஷயத்தில்.

அது ஆரம்பித்தது சோழவரத்தில். நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இருவரும் பஸ் பிடித்துப் போய் அங்கே கார் பந்தயம் பார்த்தோம். பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டுவார்கள். சுட்டெரிக்கிற வெயிலில் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். ஒரு குட்டி வண்டி திருப்பத்தில் உள்பக்கமாகப் புகுந்து, பெரிய வண்டி ஒன்றை வெளியே தள்ளாத குறையாக முந்தியது. நான் மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"பார்த்தியா மச்சான், திருப்பத்துல எப்படி உள்ள பூந்து வெளிய வந்துச்சு."

"நான் அதைப் பார்க்கல. நேர் ரோட்டுல பெரிசு அதைத் திரும்பப் புடிச்சுதே, அதைப் பார்த்துக்கினு இருந்தேன்."

"அது இன்ஜின் பெரிசு, புடிக்கும். சின்ன இன்ஜினை வச்சுக்கினு அவன் ஓட்டினதுதான் விஷயம்."

"அப்ப நீ திருப்பத்துலேயே குடியிரு. நான் நேர் ரோட்டுல வீடு கட்டிக்கிறேன்."

ஊர் திரும்பும் வரை இதே பேச்சு. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஒருவர் திரும்பி, இரண்டு பேரும் தெலுங்கில் பேசினால் தனக்கும் புரியும், தானும் நியாயம் சொல்லலாம் என்றார்.

பிறகு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வண்டி கிடைத்தது. வாங்கவில்லை, கிடைத்தது. ஜூஸ் ஃபாக்டரி முதலாளி ஒருவரின் கொட்டகையில் பழைய அமெரிக்கன் வண்டி ஒன்று பல வருஷமாகப் படுத்துக் கிடந்தது. ஆறு சிலிண்டர், மூவாயிரத்து எண்ணூறு சி.சி. அதன் பானெட்டின் மேல் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். மச்சான் படுப்பான். ஓட வைத்தால் நீயே வைத்துக்கொள் என்று முதலாளி சொன்னார், இவன் நாலே மாதத்தில் ஓட வைத்தான். எனக்கு வந்தது, மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வேலூருக்கு மாறிப் போகும்போது விட்டுப்போன சின்ன வண்டி. நாலு சிலிண்டர், ஆயிரத்து நூறு சி.சி. ஓடினால் ஓட்டு, ஓடாவிட்டால் கோழி அடை என்றார். உண்மையில் பின் சீட்டில் ஒரு கோழி முட்டை வைத்திருந்தது.

அந்த இன்ஜினுக்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிற்பாடு இது எதுவுமே கணக்கில் வராமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல். சிலிண்டர் ஹெட்டைத் திருப்பதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவினேன். அப்போதுதான் பெட்ரோல் ஆவி இன்னும் நெருக்கமாக அமுங்கி, வெடிக்கும்போது பலமாகத் தள்ளும். காற்று போகிற வழிகளை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். விரல் நுனித் தோல் போய், கொஞ்ச நாள் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். வீணான இரண்டு கார்புரேட்டர்களைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்தேன். நல்ல பெட்ரோல் கிடைக்காத காலம், ஏற்றத்தில் இன்ஜின் படபடவென்று தட்டும்.

"இன்னாடா இது, கடுகு தாளிக்கிற சத்தம் வருது."

"கம்ப்ரஷன், மச்சான்."

"அப்படியே வெங்காயத்தையும் போட்டுக்க."

அவன் வாதம் எப்போதும் ஒன்றுதான். "கட்டிலை நாலு பேர் தூக்கறதும் ஆறு பேர் தூக்கறதும் ஒண்ணா?"

"என் நாலு பேரும் வேளைக்குத் துன்னுட்டு வந்தவனுங்க. உன் ஆறு பேரும் கட்டில்லயே படுத்துக் கீறவனுங்க."

சிரித்துவிடுவான். ஒத்துக்கொள்ள மாட்டான். மறுநாள் எனக்கு ஒரு வால்வு ஸ்பிரிங் வேண்டுமென்றால் அவன்தான் எங்கேயாவது போய்த் தேடிக்கொண்டு வருவான்.

இந்த விளையாட்டு வினையானது, எனக்கு அரசாங்க வேலை உத்தரவு வந்தபோது. கர்னூல் பக்கத்தில் ஒரு ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். முப்பது நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அதே வாரம் மச்சான் வேலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை பார்த்துவிட்டு வந்திருந்தான். இருவரும் சேர்ந்து பட்டறை போடலாம், வண்டிகளை வேகமாக ஓட வைக்கிற வேலை செய்யலாம் என்பது எங்கள் வெகுநாள் பேச்சு. எனக்கு ஆபீஸ் வேண்டாம், பட்டறைதான் வேண்டும். அதை நைனாவிடம் சொன்னேன்.

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். காட்டி முடித்துத்தான் பேசினார்.

"எண்ணெய்க் கையோட நிக்கறதுக்கு அஞ்சாங் கிளாஸ் போதுமே. உன் மச்சான் நிக்கறான் பாரு."

"ஆமா மாமா," என்றான் பக்கத்திலிருந்த மச்சான். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

"நான் படிச்சதே அதுக்குத்தான், நைனா. சின்ன இன்ஜினை வச்சே பெரிய இன்ஜினை அடிக்கலாம். கணக்குப் போட்டு வச்சிருக்கேன். அது தெரிஞ்ச ஆள் இந்த ஜில்லாவுல எத்தனை பேர்?"

"புங்கனூர் மாடு பார்த்துக் கீறே இல்ல? குட்டையா, லட்சணமா இருக்கும். பாரம் இழுக்க எவனாவது அதைப் பூட்டறானா?"

"அது மாடு நைனா. இது இன்ஜின்."

"இழுக்கறது எல்லாம் ஒண்ணுதான்," என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "சரி. நீ படிச்சது நிஜம்னா காமி. வர்ற சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்குத் திருப்பதி போறீங்களே, ரெண்டு வண்டியும் போகுது. உன் வண்டி முன்னால போய் அந்தச் சபைக் கோயில் காம்பவுண்டுக்குள்ள நுழைஞ்சா பட்டறை போடு. பெரிசு முன்னால போனா நீ பெட்டியைத் தூக்கிக்கினு ஆபீசுக்குப் போய்க்கினே இரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீயும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். மச்சான்தான் தவித்துப்போனான். அவன் ஜெயித்தால் நான் கர்னூல் போய்விடுவேன், கொட்டகையில் அவன் தனியாக நிற்க வேண்டும். வேண்டுமென்று மெதுவாக ஓட்டுவாயா என்று கேட்டேன். "செருப்பால அடி," என்றான். அந்த பதில் எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. மே மாதம். எங்கள் சபைக் கோயில் வளாகத்தில் இரண்டு வண்டியும் நின்றன. வண்டிக்கு ஐந்து பேர் என்று சமமாகப் பிரித்தோம். எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம். ஐயர் பெரிய வண்டியில் முன் சீட்டு. மச்சானின் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. கம்பி போட்டுச் சுற்ற வேண்டும், அதற்கு மூன்று ஆள் வேண்டும். அதனால் அவன் முன்னதாகவே இன்ஜினைக் கிளப்பி, அது அமைதியாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது ஐயர் தொப்பியை எடுத்தார்.

"ஜெபம் பண்ணிட்டுப் புறப்படுவோம்."

ஜெபம் இல்லாமல் எங்கள் ஆட்கள் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக்கூடக் கிளம்ப மாட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். பெரிய இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைத்தால் திரும்பக் கிளப்ப மூன்று ஆள் வேண்டும். அணைக்க வேண்டுமென்றாலும் ஜெபத்தின் நடுவில் யார் அசைவது?

ஐயர் நல்ல மனுஷர். ஆனால் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாதவர். முதலில் பயணத்துக்கு. பிறகு திருப்பதிச் சபைக்கு. பிறகு வெதுருகுப்பத்திலும் கங்காதர நெல்லூரிலும் உள்ள குடும்பங்களுக்கு, பேர் பேராக. படுக்கையில் இருப்பவர்கள், பரீட்சை எழுதியவர்கள், மழை, மாங்காய்க்கு நல்ல விலை, தேசத்தை ஆளுகிறவர்கள். வேலை தேடுகிற வாலிபர்கள் என்று வந்தபோது என் பெயரும் வந்தது. தோராயமாக இருபத்தைந்து நிமிஷம். தலை மேல் வெயில்.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்கு எழுத்துக்கு முன்னாலேயே சொல்லித்தந்த பாடம். ஆனால் ஒரு சீறல் சத்தம் கேட்டது. பெரிய வண்டியின் ரேடியேட்டர் கொதித்து, குழாய் வழியாக வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. நிற்கிற வண்டிக்குக் காற்று கிடையாது, மெதுவாக ஓடுகிற இன்ஜினில் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். அந்தத் தண்ணீர் செம்மண்ணில் வாய்க்கால் மாதிரி ஓடி, வழியனுப்ப வந்து வெறுங்காலுடன் நின்ற நைனாவின் பாதம் வரை போனது. சுட்டிருக்கும். நைனா கண்ணைத் திறக்காமலேயே காலை ஒரு அடி நகர்த்தி வைத்தார்.

தண்ணி போகுது, மச்சான். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் என்னிடமிருந்து கை எட்டும் தூரத்தில் நின்றான். நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆமென் சொன்னதும் ஒரே பரபரப்பு. நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். வழக்கமாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்காமல் மச்சான் எங்கேயும் கிளம்ப மாட்டான். அன்றைக்கு ஐயர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டார். அவன் அப்படியே எடுத்தான்.

எடுத்தான் என்றால் எடுத்தான். காணிப்பாக்கம் திரும்புகிற இடம் வரை எனக்குத் தெரிந்தது புழுதி மட்டும்தான். என் வண்டியிலிருந்த நாலு பேரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். புத்தலப்பட்டு தாண்டி ஒரு ஏற்றத்தில் அது நின்றுகொண்டிருந்தது. பானெட் திறந்திருக்க, இட்லிப் பானை மாதிரி ஆவி போய்க்கொண்டிருந்தது. ஐயர் புளியமர நிழலில் குடை பிடித்து நின்றார். மச்சான் கையை ஆட்டி, "போடா, போய்க்கினே இரு," என்றான். நான் ஹார்ன் அடித்துவிட்டுப் போனேன். நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

திருப்பதியில் நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு பெரிய வண்டிக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். மலைக்குப் போகிற கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்த பஸ். வெள்ளை அங்கியில் நின்றுகொண்டு வந்த ஐயருக்கு அந்த யாத்திரிகர்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம். மச்சான் மட்டும் வண்டியோடு இருந்துவிட்டான். தண்ணீரில்லாமல் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போயிருந்தது.

இது வரை நடந்தது என் தப்பு. இனி நடந்ததற்குத்தான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில், அறிவிப்புகளின்போது, நைனா பெயரைச் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வாசித்தார்கள். "மகனுடைய சிறிய வாகனத்தைக் கர்த்தர் முன்னாக நடத்தினதற்காகவும், அவனுக்குத் தொழில் வழி திறந்ததற்காகவும்." காணிக்கை ஒரு கூடை பேனிஷா மாம்பழம். நைனா அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார். பயணத்துக்கு முன் ஊக்கமாக ஜெபித்தோம், பலனைக் கண்டோம் என்று ஐயர் பிரசங்கத்திலும் சேர்த்துக்கொண்டார். சபை முழுக்கத் தலையாட்டியது. கர்த்தர் நடத்தினார், இருக்கட்டும். ஹெட்டைச் சீவியது யார்? விரலில் தோல் போனது யாருக்கு? கம்ப்ரஷன் என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் ஒருவராவது உச்சரித்தார்களா?

ஆராதனை முடிந்து வெளியே ஐயரிடமே கேட்டேன்.

"ஜெபம் ரெண்டு வண்டிக்கும்தானே பண்ணீங்க, ஐயரே? நீங்க உட்கார்ந்த வண்டி ஏன் நின்னுச்சு?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "அதுதான் தம்பி அவர் சித்தம்," என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

காணிக்கைப் பொருளை ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடுவது எங்கள் வழக்கம். அந்தக் கூடையை ஏலத்தில் எடுத்தவன் யார் என்றால், மச்சான். தான் தோற்றதற்காக வைத்த பழத்தைத் தானே எடுத்து, வாசலில் நின்று தோலை உரித்துத் தின்றான். எனக்கும் ஒன்று கொடுத்தான். வாங்கவில்லை.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவன் வண்டிக்குக் கேஸ்கட் மாற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"மச்சான், அன்னிக்கு ஜெபத்துல உன் வண்டியில தண்ணி போனதை நான் பார்த்தேன்."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "ஜெபத்துல கண்ணைத் தொறந்தியா?"

"தண்ணி கொதிச்சுப் போச்சுன்னு சொல்றேன். அதனாலதான் நீ நின்னே. நான் பார்த்துட்டும் சொல்லல."

"அது சரி. ஜெபத்துல கண்ணைத் தொறந்தியா?"

நான் செய்த துரோகம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை, கண்ணைத் திறந்ததுதான் பட்டது. அத்தை வேறு, இவன் அன்றைக்குக் கவனமில்லாமல் ஜெபித்ததால்தான் வண்டி நின்றது என்று நாலு நாளாக இவனைத் திட்டிக்கொண்டிருந்தாளாம். கண்ணைத் திறந்தவன் ஜெயித்தான், மூடியவன் தோற்றான் என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா," என்றான். ஸ்பானரை எடுத்து மறுபடி நட்டைத் திருக ஆரம்பித்தான்.

"திரும்ப ஓட்டுவோம்," என்றேன். "ரெண்டு பேரும் தனியா. உன் தண்ணியை நானே பார்த்து ஊத்தறேன். நீ ஜெயிச்சா நான் ஆபீசுக்குப் போறேன்."

"அதான் ஜெயிச்சுட்டியே. உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஜெயிக்கல."

"உலகமே ஜெயிச்சேன்னு சொல்லுது. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?"

விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும், ரோட்டில் மாட்டு வண்டிகள் வரும்முன், சித்தூர் எல்லையிலிருந்து கிளம்பினோம். ரேடியேட்டரில் நானே தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, விரலால் தொட்டுப் பார்த்தேன். கம்பி சுற்ற லாரி ஷெட்டிலிருந்து ஒரு பையன் வந்து போனான். ஜெபம் கிடையாது. கைக்கடிகாரம் என்னிடம். முடிவு சந்திரகிரியில், கோட்டைக்குத் திரும்புகிற இடத்து டீக்கடை.

நான் ஒரு இடத்திலும் பிசகவில்லை. புத்தலப்பட்டு பக்கத்து வளைவுகளில் அவன் பின்விளக்கு எனக்குத் தெரிந்தது, அவ்வளவு நெருங்கினேன். ஆனால் வளைவு கொஞ்சம், நேர் ரோடு நிறைய. நான் டீக்கடையில் போய் நின்றபோது அவன் இரண்டாவது போண்டாவைத் தின்றுகொண்டிருந்தான். எட்டு நிமிஷ வித்தியாசம்.

"எட்டு நிமிஷம்தான்," என்றேன். "உன் இன்ஜின் என்னுதைப் போல மூணரை மடங்கு. மூணரை மடங்கு வச்சுக்கினு எட்டே நிமிஷம். லிட்டருக்கு இவ்வளவுன்னு கணக்குப் பார்த்தா நீ எங்கேயோ நிக்கறே."

"நான் டீக்கடையிலதான் நிக்கறேன்," என்றான். "உனக்கும் ஒரு டீ சொல்லட்டுமா?"

கணக்கு என்னுடையதுதான் சரி. இப்போதும் சொல்வேன். ஆனால் நைனா போட்ட நிபந்தனை லிட்டர் கணக்கு இல்லை, யார் முன்னால் என்பது. அதில் நான் தோற்றேன். தோற்றதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. நேராக வீட்டுக்கு வந்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் திறந்தது, தண்ணீரைப் பார்த்தது, சொல்லாமல் விட்டது, இன்றைக்கு ஓட்டியது, தோற்றது. மச்சான் சாட்சிக்குப் பக்கத்தில் நின்றான்.

நைனா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இன்னிக்கு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பினீங்களா?"

"இல்ல நைனா."

"அப்புறம்?"

அப்புறம் என்றால் அவ்வளவுதான். ஜெபத்தோடு போனோம், ஜெயித்தேன். ஜெபமில்லாமல் போனோம், தோற்றேன். வேண்டுமென்று தேடியிருந்தாலும் இவ்வளவு சுத்தமான ஒரு நிரூபணம் கிடைத்திருக்காது. அதை என் கையாலேயே, கடிகாரம் வைத்து, அவருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் பரிசோதனை என்றால் என்ன என்று சொல்லித்தந்தார்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். நான் தண்ணீரை மாற்றினேன் என்று நினைத்தேன். ஜெபமும் மாறிவிட்டது. அது என் கணக்கிலேயே வரவில்லை.

"அப்ப மூணாவது தடவை ஓட்டறோம்," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஜெபம் பண்ணிட்டே ஓட்டறோம். ஆனா இன்ஜினை அணைச்சு வச்சுட்டு ஜெபம். அப்பத் தெரியும்."

"ஆண்டவரைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறியா?" என்றார் நைனா. கோபமாக இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. ஐயரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் நீளமாக.

சரி, நிபந்தனைப்படி நான் தோற்றேன், ஆபீசுக்குப் போகிறேன் என்று பெட்டியை எடுத்தேன். அங்கேயும் வழி விடவில்லை.

"அது எப்படிப் போவே?" என்றார் நைனா. "தொழில் வழி திறந்ததுக்கு நன்றின்னு சபை முன்னால கூடை வச்சு, வாசிச்சு, ஏலமும் போயாச்சு. இப்பப் போய், இல்ல ஆண்டவரே, முடிவு மாறிப்போச்சுன்னு சொல்றதா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா?"

"பழம் துன்னாச்சு, மாமா," என்றான் மச்சான். "ரெண்டுதான் பாக்கி."

"நைனா, நீங்கதானே ஆபீசுக்குப் போகணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன். நன்றி சொல்லறதுக்கு முன்னால சொன்னேன்."

ஒரு மனுஷன் தோற்றேன் என்று தானே வந்து சொல்கிறான். தோற்றதற்குரியதைக் கொடுங்கள் என்று கேட்கிறான். அதைக்கூட அவனுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்றால் இது எந்த ஊர் நியாயம்? நான் ஆசைப்பட்ட பட்டறைதான் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. என் இன்ஜினால் கிடைக்கவில்லை. என் நேர்மையாலும் கிடைக்கவில்லை. ஒரு கூடை மாம்பழத்தால் கிடைத்தது.

இருபத்தெட்டாம் நாள் நைனா என்னை உட்கார வைத்து, வேலைக்கு வரவில்லை என்று கடிதம் எழுதச் சொன்னார். இங்கிலீஷில் எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், தமிழில் சொன்னேன். சொந்தத் தொழில் தொடங்குவதால் சேர இயலவில்லை, மன்னிக்கவும். தலையாட்டி, உறைக்குள் போட்டு ஒட்டச் சொன்னார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ரிஜிஸ்தர் தபாலில் அவரே போடப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு இரண்டு தோப்பில் அவருக்குப் பாரம் காத்திருந்தது.

தெருவில் இறங்கினவர் நின்றார். கடிதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அவரால் படிக்க முடியாத விலாசம்.

"அங்க தலைக்கு மேல ஃபேன் இருந்திருக்கும், இல்ல?"

"இருந்திருக்கும், நைனா."

"ம்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணைத் திறந்தாயே, மறைத்தாயே, தோற்றாயே என்று கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். தான் ஆசைப்பட்டது எதுவோ அதைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு, மத்தியானம் வந்து மாட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படி ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது?

பட்டறையைத் திறந்தோம். வேலை வருகிறது. யார் வந்து கேட்டாலும், ஜெபத்தில் ஜெயித்த வண்டி இதுதானா என்றுதான் கேட்கிறார்கள். மச்சான் ஆமாம் என்கிறான். நான் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, ரேடியேட்டரிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொல்கிறேன், சந்திரகிரி உட்பட. கேட்டுவிட்டு அவர்களும், அன்றைக்கு ஜெபம் பண்ணவில்லையா என்கிறார்கள்.

நைனாவிடம் அந்த வெள்ளிக்கிழமை நான் தோற்றது நிஜம் என்று இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டேன். "சரி," என்கிறார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.